சைலன்சர் மாற்றப் போகிறேன்: ஒற்றைக் குழாயே போதுமா, இரட்டை வைக்கலாமா?

புதுச்சாவி:

எல்லோருக்கும் வணக்கம். என் காரின் சைலன்சர் கதை முடிந்துவிட்டது. பின்னால் தொங்குகிற பெரிய டப்பாவின் ஓரத்தில், தகட்டை மடித்து மூடியிருக்கும் இடத்தில், துரு தின்று ஒரு விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஸ்டார்ட் செய்தால் தெருமுனை வரை கேட்கிறது, டிராக்டர் எப்போது வாங்கினாய் என்று வீட்டில் கேலி வேறு. கார் 2 லிட்டர் பெட்ரோல், வரிசையாக நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது, பத்து வருடம் தாண்டிவிட்டது. கம்பெனியிலிருந்து வந்தபோதே ஒரே சைலன்சர், வலது பக்கம் ஒரே வாய்.

மெக்கானிக்கிடம் காட்டினேன். எப்படியும் மாற்றத்தானே வேண்டும், அப்படியே இடது பக்கமும் ஒன்று வைத்து டூயல் ஆக்கிவிடலாம், பிக்கப் ஏறும், மைலேஜும் கொஞ்சம் கூடும், சத்தமும் கெத்தாக இருக்கும் என்கிறார். அவர் கேட்கும் தொகை ஒற்றைக்கு ஆகிற செலவைப் போல இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் இரண்டு பக்கமும் குழாய் தெரிகிற கார்களைப் பார்த்து ஏங்குகிற ஆள்தான் நான், அதனால் அவர் சொன்னதும் மனசு பாதி சாய்ந்துவிட்டது. மீதிப் பாதிதான் உங்களிடம் கேட்கச் சொல்கிறது. பிக்கப், மைலேஜ் இதெல்லாம் நிஜமா? இல்லை அழகுக்கு மட்டும்தானா? அழகுக்கு மட்டும் என்றாலும் பரவாயில்லை, ஆனால் தெரிந்து செய்ய வேண்டும் அல்லவா.

பட்டறைவாசி:

தம்பி, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, காரை முறையாக ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது) ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு குழாய் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று பாருங்கள். உங்கள் இன்ஜினில் நான்கு சிலிண்டரின் புகையும் ஒரே பக்கமாக வெளியே வந்து, மேனிஃபோல்டில் சேர்ந்து, ஒரே குழாயாக இறங்கும். அந்த ஒரு குழாயில்தான் புகையின் நச்சைக் குறைக்கிற கேட்டலிடிக் கன்வர்ட்டர், அப்புறம் நடுவில் ரீங்காரத்தை அடக்குகிற ரெசனேட்டர் என்கிற சின்ன டப்பா, கடைசியில் சைலன்சர். உங்கள் மெக்கானிக் செய்யப்போவது கடைசி ஒரு மீட்டரில் அந்தக் குழாயை ஒய் வடிவத்தில் பிரித்து இரண்டு டப்பாவில் விடுவது. ஒரே மடையில் வருகிற தண்ணீரை வயலுக்குப் பக்கத்தில் வந்து இரண்டு வாய்க்காலாகப் பிரித்தால் மடையில் வருகிற தண்ணீர் கூடிவிடுமா? அவ்வளவுதான் விஷயம்.

டூயல் எக்ஸாஸ்ட் என்று நிஜமாகச் சொல்ல வேண்டுமென்றால் இன்ஜினிலிருந்தே இரண்டு தனித்தனிக் குழாய் வர வேண்டும். வி6, வி8 போன்ற இன்ஜின்களில் சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக இருக்கும், வரிசைக்கு ஒரு மேனிஃபோல்ட், அங்கே இரண்டு குழாய் இயல்பாகவே பொருந்தும். உங்களுடையதில் அதற்கு இடமே இல்லை.

இன்னொன்று. இடது பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். பல கார்களில் கம்பெனிக்காரன் ஒரு பக்கம் சைலன்சருக்கு இடம் விட்டிருப்பான், மறுபக்கம் ஸ்டெப்னி குழி, பெட்ரோல் டேங்க், ஹேண்ட்பிரேக் கேபிள் என்று ஏதாவது அடைத்திருக்கும். குழாய் டேங்க் பக்கம் போனால் வெப்பத்தடுப்புத் தகடு இல்லாமல் போகவே கூடாது. தொங்கவிடுகிற ரப்பர்களுக்குப் புதிதாகக் கொக்கி வெல்டிங் செய்ய வேண்டும், பம்பரை வெட்ட வேண்டும். இது எல்லாம் சேர்ந்துதான் அந்த இரண்டு மடங்குச் செலவு. மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை, வேலை நிஜமாகவே அவ்வளவு இருக்கிறது, பலன்தான் இல்லை.

இரட்டைவாய்:

பட்டறைவாசி அண்ணா சொன்னதோடு சண்டை போட மாட்டேன், ஆனால் நான் இதே வேலையைச் செய்தவன் என்பதால் என் அனுபவத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். என்னுடையதும் நான்கு சிலிண்டர்தான், 1.8 லிட்டர். பின்னால் பிரித்து இரண்டு சைலன்சர் போட்டேன், உள்ளே தடுப்பு எதுவும் இல்லாமல் ஓட்டை போட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை அடைத்திருக்குமே, அந்த வகை. முதல் வாரம் சொர்க்கம். கார் பின்னாலிருந்து பார்க்க அவ்வளவு அழகு, நிறுத்திவிட்டு இறங்கி நடக்கும்போது நான்கு தடவை திரும்பிப் பார்ப்பேன்.

இரண்டாவது வாரம் நீண்ட தூரம் போனேன். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது 2,300, 2,400 ஆர்பிஎம் வந்ததும் காருக்குள் ஒரு ரீங்காரம் தொடங்கும் பாருங்கள், காதில் கேட்கிறதா மண்டைக்குள் கேட்கிறதா என்றே தெரியாது. பாட்டு வைத்தாலும் அடங்காது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நான் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ரீங்காரம், 115 போனால் இல்லை, 85 போனால் இல்லை. சரியாக நாம் எப்போதும் ஓட்டுகிற வேகத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பிக்கப்? எனக்குத் தெரிந்து ஒன்றும் மாறவில்லை. சத்தம் கூடியதால் வேகமாகப் போகிற மாதிரித் தோன்றியது, அவ்வளவுதான். ஸ்பீடோமீட்டருக்கு அந்தத் தோற்றம் எட்டவில்லை. இன்னொரு வேடிக்கை, இடது வாயில் கரி படிந்திருக்கும், வலது வாய் பளபளவென்று இருக்கும். பிரிக்கிற இடத்தில் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வளைந்தும் போனதால் புகையில் பெரும்பங்கு நேரான பக்கமே போயிருக்கிறது. மறுபக்கம் ஏறக்குறைய அலங்காரம்.

இழுவைதாசன்:

நண்பர்களே, முக்கியமான ஒன்றை யாரும் சொல்லவில்லை. இன்ஜினுக்கு பேக் பிரஷர் வேண்டும். குழாயைப் பெரிதாக்கினாலோ இரண்டாக்கினாலோ பேக் பிரஷர் போய்விடும், கீழ் ஆர்பிஎம்மில் இழுவையே இருக்காது. எங்கள் வாத்தியார் காலத்திலிருந்து சொல்கிற விஷயம் இது. ஒற்றையே போடுங்கள்.

கணக்கன்:

முடிவு சரி, காரணம் தப்பு. இந்த பேக் பிரஷர் கதை ஓயவே மாட்டேன் என்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேக் பிரஷர், அதாவது பின்னழுத்தம், என்பது பிஸ்டன் புகையை வெளியே தள்ளும்போது எதிரே நிற்கிற தடை. அந்தத் தடையால் இன்ஜினுக்கு எந்த நன்மையும் கிடையாது, தள்ளுகிற வேலைக்குச் சக்திதான் செலவாகும். பிறகு ஏன் பெரிய குழாய் போட்டவர்கள் கீழ் இழுவை போய்விட்டது என்கிறார்கள்? புகையின் வேகம் குறைவதால். ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் புகை ஒரு துடிப்பாக வெளியே பாய்கிறது, பாய்ந்து போகிற துடிப்பின் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பகுதி உருவாகும், எக்ஸாஸ்ட் வால்வும் இன்டேக் வால்வும் ஒரே நேரத்தில் கொஞ்சம் திறந்திருக்கிற அந்தக் கண நேரத்தில் அது மிச்சப் புகையையும் உறிஞ்சி எடுத்து, புதுக் காற்று உள்ளே வர உதவும். குழாய் தேவைக்கு மேல் அகலமாக இருந்தால் புகை சோம்பலாக நகரும், சீக்கிரம் ஆறும், இந்த உறிஞ்சல் மங்கிவிடும். ஆனால் கவனியுங்கள், இந்த விளையாட்டு பெரும்பாலும் மேனிஃபோல்டிலும் அதை ஒட்டிய குழாய்களிலும் நடக்கிறது. கன்வர்ட்டரைத் தாண்டிக் காரின் வாலுக்குப் போனபின் துடிப்பெல்லாம் பெரும்பாலும் மழுங்கிவிடும். அதனால் கடைசிச் சைலன்சரை இரட்டை ஆக்கினால் இழுவை போய்விடும் என்பதும் மிகை, இழுவை கூடிவிடும் என்பதும் மிகை.

இப்போது புதுச்சாவியின் இன்ஜினுக்கு ஒரு தோராயக் கணக்கு. 2 லிட்டர், நான்கு ஸ்ட்ரோக், அதனால் ஒரு சுற்றுக்கு 1 லிட்டர் காற்று. 6,000 ஆர்பிஎம்மில் முழு ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் நிமிடத்துக்கு 6,000 லிட்டர் உள்ளே போகிறது. வெளியே வரும்போது சூடாகி விரிந்திருக்கும், 500 டிகிரி என்று வைத்துக்கொண்டால் இரண்டரை மடங்குக்கு மேல், ஆக நிமிடத்துக்கு 15,000 லிட்டர் அளவில். உள்விட்டம் 50 மில்லிமீட்டர் குழாயில் அது நொடிக்கு 120 மீட்டரைத் தாண்டி ஓட வேண்டும். இதை இரண்டு குழாயில் பிரித்தால் ஒவ்வொன்றிலும் வேகம் பாதி, வேகம் பாதியானால் அழுத்த இழப்பு கால்வாசி. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பிரிப்பது கடைசி ஒரு மீட்டரில். அதற்கு முன்னால் இருக்கிற மூன்று மீட்டர் குழாயும் கன்வர்ட்டரும் ரெசனேட்டரும் அப்படியே ஒற்றையாகத்தானே இருக்கின்றன. பட்டறைவாசி சொன்ன மடைக் கதை சரியாக இதுதான்.

மைலேஜ் விஷயத்துக்கு வாருங்கள். நெடுஞ்சாலையில் 2,000 சொச்சம் ஆர்பிஎம், ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சமாக மிதித்து ஓட்டும்போது இன்ஜின் இழுக்கிற காற்று மிகக் குறைவு, அதே 50 மில்லிமீட்டர் குழாயில் புகையின் வேகம் நொடிக்கு 15 மீட்டர் அளவில்தான் இருக்கும். அழுத்த இழப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பதால், முழு மிதியில் இருக்கிற இழப்பில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் இங்கே மிச்சம். இல்லாத தடையை எடுத்து எப்படி மைலேஜ் கூட்டுவது? அதோடு இரண்டாவது டப்பா, குழாய், கொக்கி எல்லாவற்றின் எடையையும் சேர்த்து இழுக்க வேண்டும்.

ஒற்றையை இரட்டையோடு ஒப்பிட ஒரு எளிய வழி இருக்கிறது. இரண்டு குழாயின் மொத்தப் பரப்புக்குச் சமமான ஒரே குழாய் வேண்டுமென்றால் விட்டத்தை 1.4 ஆல் பெருக்கினால் போதும். இரண்டு 50 மில்லிமீட்டர் குழாயும் ஒரு 71 மில்லிமீட்டர் குழாயும் ஒரே பரப்பு. ஆனால் இரண்டு சின்னக் குழாயின் சுற்றளவு மொத்தம் 314 மில்லிமீட்டர், அந்த ஒரு பெரிய குழாயுடையது 223 தான். உராய்வும் வெப்ப இழப்பும் அந்தச் சுவரில்தான் நடக்கிறது. நிஜமாகவே அதிகப் புகை போக வேண்டும் என்றாலும் சரியான அளவில் ஒரே குழாய் போடுவதே சிக்கனம். உங்கள் இன்ஜினுக்கு 71 எல்லாம் தேவையே இல்லை என்பது வேறு விஷயம்.

இழுவைதாசன்:

வாத்தியார் சொன்னது அனுபவத்தில் சரியாகத்தானே வந்திருக்கிறது, பெயர் மட்டும் தப்பு என்கிறீர்கள். சரி, ஏற்றுக்கொள்கிறேன், வாத்தியாரை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கணக்கன்:

வாத்தியார் வாழ்க. அப்புறம் இரட்டைவாய்க்கு ஒன்று. நான்கு சிலிண்டரில் சுற்றுக்கு இரண்டு தடவை எரிதல் நடக்கிறது, அதனால் 2,400 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 80 துடிப்பு, 80 ஹெர்ட்ஸ். காரின் உள்ளறையும் அந்தத் தாழ்ந்த சத்தத்துக்குச் சேர்ந்து அதிர்கிறது, அதுதான் உங்கள் மண்டைக்குள் கேட்டது. முனை மூடிய ஒரு கிளைக் குழாயைச் சரியான நீளத்தில் பக்கவாட்டில் இணைத்தால் அந்த ஒரு அலைவரிசையை மட்டும் அடக்கலாம், ஆனால் 80 ஹெர்ட்ஸுக்கு அது ஒரு மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும். காருக்கு அடியில் அதற்கு இடம் தேடுவது தனிக் கதை.

இரட்டைவாய்:

அந்தக் கதையை முடித்துவிட்டேன். ரெசனேட்டரை மறுபடியும் போட்டேன். ஆமாம், முதலில் அதையும் எடுக்கச் சொல்லியிருந்தேன், இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன். ரீங்காரம் முக்கால்வாசி போய்விட்டது.

வி8பித்தன்:

இங்கே எல்லோரும் இரட்டையைத் திட்டுகிறீர்கள், அதற்காக ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகிறேன். வி8 இன்ஜினில் இரட்டைக் குழாய் அழகுக்கு அல்ல, பிறப்பிலேயே வருவது. பெரும்பாலான வி8களில் ஒரு வரிசையின் நான்கு சிலிண்டர்கள் சம இடைவெளியில் எரிவதில்லை, மாறிமாறி வரும், அந்தத் தாளக் கோணல்தான் அந்த உறுமல். இரண்டு பக்கக் குழாயையும் தனியாக விட்டால் கரடுமுரடாக இருக்கும், நடுவில் எச் மாதிரி ஒரு பாலம் போட்டால் சத்தம் கனமாகும், எக்ஸ் மாதிரி இரண்டையும் குறுக்கே இணைத்தால் துடிப்புகள் பங்கு போட்டுக்கொண்டு சத்தம் கொஞ்சம் மெல்லியதாக, உச்சமாகக் கேட்கும். இதெல்லாம் நான்கு சிலிண்டரில் வராது, என்ன குழாய் போட்டாலும் வராது. உங்கள் கார் கெத்தாக உறுமும் என்று சொன்னவரிடம் இதைக் கேளுங்கள்.

வாய் இரண்டு இருந்தால் டூயல் என்று நினைப்பதற்கு ஒரு பழைய உதாரணமும் இருக்கிறது. 1975 மாடல் செவர்லே கார்வெட்டில் கன்வர்ட்டர் வந்தபோது, இரண்டு பக்கக் குழாயையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே கன்வர்ட்டரில் விட்டு, அதற்குப் பிறகு மறுபடி பிரித்து இரண்டு சைலன்சரில் கொண்டுபோனார்கள். பின்னாலிருந்து பார்த்தால் பழைய கார்வெட் மாதிரியே இருக்கும். வி8 ஆக இருந்தும் நடுவில் ஒரே குழாய்! இந்தக் காலத்துக்கு வந்தால் 2017இல் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர். நான்கு சிலிண்டர், 2 லிட்டர் டர்போ, பின்னால் நடுவில் மூன்று வாய். இன்ஜினிலிருந்து வருவது ஒரே குழாய்தான், கடைசியில்தான் மூன்றாகிறது. அந்தக் காரின் வேகம் டர்போவிலும் இன்ஜினிலும் இருக்கிறது, வாயின் எண்ணிக்கையில் இல்லை.

மெதுவண்டி:

நான் கார் மெக்கானிசம் எதுவும் அறியாதவன், ஒரே ஒரு சந்தேகம். இரண்டு சைலன்சர் என்றால் சத்தம் இரண்டு மடங்கு ஆகுமா?

கணக்கன்:

ஆகாது. வருகிற சத்தம் அதேதான், அது இரண்டாகப் பங்கு போடப்படுகிறது. ஒரே மாதிரி இரண்டு மூலம் சேர்ந்தாலே 3 டெசிபெல்தான் கூடும், காதுக்கு இரண்டு மடங்கு மாதிரிக் கேட்க 10 டெசிபெல் அளவில் கூட வேண்டும். சொல்லப்போனால் நல்ல சைலன்சர் இரண்டு போட்டால் சத்தத்தை அடக்க இடம் கூடுவதால் இன்னும் அமைதியாகக்கூட இருக்கலாம். சத்தத்தை முடிவு செய்வது டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பது. அறைஅறையாகத் தடுத்துப் புகையைத் திருப்பித் திருப்பி அனுப்புகிற வகை அமைதி, தடை கொஞ்சம் அதிகம். நேர்க்குழாய் வகை தடை குறைவு, சத்தம் அதிகம், உள்ளே இருக்கிற இழை நாளாக ஆகக் கருகிக் கரைந்து போவதால் வருடம் போகப் போக இன்னும் அதிகம்.

புதுச்சாவி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நேற்று அடியில் பார்த்தேன். அண்ணா சொன்னது அப்படியே. இடது பக்கம் ஸ்டெப்னி குழி இறங்கி நிற்கிறது, அதற்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இல்லை. மெக்கானிக்கிடம் கேட்டதற்கு, குழியைக் கொஞ்சம் தட்டிக்கொள்ளலாம் என்கிறார்! அந்தத் "தட்டிக்கொள்ளலாம்" கேட்டதும் ஆசை பாதியாகக் குறைந்துவிட்டது.

ஆக ஒற்றைதான். ஆனால் புதுக் கேள்வி. பழைய குழாயின் வெளிவிட்டம் அளந்தேன், 51 மில்லிமீட்டர். ஒரு கடையில் 63 போடுங்கள் என்கிறார்கள். பொருளிலும் மூன்று வகை காட்டினார்கள், அலுமினியம் பூசியது, 409 ஸ்டெயின்லெஸ், 304 ஸ்டெயின்லெஸ். என் ஓட்டம் பெரும்பாலும் தினமும் அலுவலகத்துக்கு நான்கு கிலோமீட்டர் போக, நான்கு கிலோமீட்டர் வர. மாதத்துக்கு ஒரு தடவை நீண்ட பயணம் இருந்தால் அதிகம்.

பட்டறைவாசி:

நான்கு கிலோமீட்டரா? அப்படியானால் உங்கள் சைலன்சரைக் கொன்றது யார் என்று தெரிந்துவிட்டது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது, காலையில் குளிர்ந்த கார் வாலில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட தூரம் ஓடினால் சைலன்சர் சூடாகி அதெல்லாம் ஆவியாகவே போய்விடும். நான்கு கிலோமீட்டரில் கன்வர்ட்டர் சூடாகும், கடைசி டப்பா அரைச்சூட்டில் நிற்கும், தண்ணீர் உள்ளேயே தங்கும், புகையின் அமிலமும் அதில் கலந்து தகட்டை உள்ளிருந்து தின்னும். வெளியே பெயின்ட் அடித்துப் பளபளவென்று வைத்தாலும் பயனில்லை, உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும்.

இரட்டை போட்டிருந்தால் உங்களுக்கு இன்னும் மோசம். சூடு இரண்டாகப் பங்காகிவிடும், எந்த டப்பாவும் முழுசாகக் காய்ந்திருக்காது. இரட்டைவாய் சொன்ன அந்தப் பளபள வாய் இருக்கிறதே, அந்தப் பக்கத்துச் சைலன்சர்தான் முதலில் துருப்பிடிக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் இப்படி ஒரு பக்கம் மட்டும் அழுகி வந்த கார்கள் எத்தனையோ பார்த்தாகிவிட்டது.

பொருள்: அலுமினியம் பூசிய ஸ்டீல் மலிவு, மோசமில்லை, ஆனால் வெல்டிங் செய்த இடத்தில் பூச்சு எரிந்துவிடும், துரு அங்கேதான் தொடங்கும். 409இல் குரோமியம் 11 சதவீத அளவில், மேலே பழுப்பாக நிறம் மாறும், அசிங்கமாக இருக்கும், ஆனால் சீக்கிரம் ஓட்டை விழாது. 304இல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம், உங்கள் மாதிரி குறுகிய ஓட்டக்காரருக்கு அதுதான் தாங்கும். காந்தம் ஒன்று சட்டைப்பையில் கொண்டுபோங்கள். 409இல் நன்றாக ஒட்டும், 304இல் ஒட்டாது, வளைத்த இடத்தில் லேசாக இழுத்தால் பயப்பட வேண்டாம். டப்பாவின் தாழ்ந்த பக்கத்தில் தண்ணீர் வடிய ஊசித்துளை இருக்கிறதா என்றும் பாருங்கள், பழுது என்று நினைத்து அதை அடைக்கிற ஆட்கள் உண்டு. டூயலுக்கு ஒதுக்கிய காசில் பாதியை 304இல் போடுங்கள், மீதி உங்கள் பையில்.

63 வேண்டாம். முன்னால் இருக்கிற குழாய் 51, அதற்குப் பிறகு 63 வைத்து என்ன வரப்போகிறது? ரொம்ப ஆசையாக இருந்தால் 57, அதற்கு மேல் போகாதீர்கள். விட்டத்தைவிட முக்கியம் வளைவு. சாதாரண மெஷினில் அழுத்தி வளைத்தால் வளைவில் குழாய் நசுங்கும், 57 என்று வாங்கி வளைவில் 48 ஆக்கிக்கொண்டு போவீர்கள். உள்ளே அச்சு வைத்து வளைத்ததா என்று கேளுங்கள், மேன்ட்ரல் வளைவு என்றால் அவர்களுக்குப் புரியும். இணைப்புக்கு யு கிளாம்ப் வைத்து நெரிக்காமல் பட்டைக் கிளாம்ப் போடச் சொல்லுங்கள், அடுத்த தடவை கழற்றும்போது என்னை நினைப்பீர்கள்.

சைலன்சரை மாற்றும் முன் கன்வர்ட்டரையும் தட்டிப் பாருங்கள், கையால் லேசாக, இன்ஜின் ஆறியபின். உள்ளே கலகல என்றால் உடைந்திருக்கிறது. அது அடைத்திருந்தால் பின்னால் எதை மாற்றியும் பிக்கப் வராது, பிக்கப் இல்லை என்று சைலன்சர் மாற்றுகிறவர்களில் சிலருக்கு நோய் அங்கேதான் இருக்கும்.

ஒருவழி:

ஒரு அவசர விஷயம், இந்த வாக்குவாதத்தில் விட்டுப்போய்விட்டது. ஓட்டையோடு எத்தனை நாளாக ஓட்டுகிறீர்கள்? புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, நிறமும் இல்லை வாசமும் இல்லை, காருக்கு அடியில் கசிந்தால் டிக்கி ரப்பர், தரை ஓட்டைகள் வழியாக உள்ளே வரும். தலைவலி, தூக்கம் மாதிரி இருந்தால் அது களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். மாற்றும் வரை ஓட்டாமல் இருப்பது நல்லது, மெக்கானிக்கிடம் கொண்டுபோகும் அந்தத் தூரத்துக்கு மட்டும் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். நிறுத்திவைத்து, மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடவே கூடாது. புது சைலன்சர் போட்டபின், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, வால் வாயை ஒரு தடித்த துணியால் சில நொடி லேசாக அடைத்துப் பிடியுங்கள், எந்த இணைப்பிலாவது உஸ் என்று சத்தம் வந்தால் அங்கே கசிவு.

புதுச்சாவி:

ஓட்டை விழுந்து மூன்று வாரம் ஆகிறது, போன வாரம் லேசாகத் தலைவலி இருந்தது, அலுவலக வேலை என்று நினைத்தேன். இதைப் படித்ததும் காரை நிறுத்திவிட்டேன். நன்றி, உண்மையாகவே.

புதுச்சாவி:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ஒற்றை, 304, 51 அளவிலேயே, அறைத் தடுப்பு வகை. கன்வர்ட்டர் தட்டிப் பார்த்தோம், நன்றாகவே இருக்கிறது. காந்தத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன், 304 என்று முதலில் காட்டியதில் காந்தம் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது, கடைக்காரர் ஒன்றும் பேசாமல் அதை எடுத்து வைத்துவிட்டு உள்ளேயிருந்து வேறொன்று கொண்டுவந்தார். ரெசனேட்டருக்குப் பிறகு வருகிற கேஸ்கெட்டும் தொங்கல் ரப்பர்களும் புதிது, பழைய ரப்பர் ஒன்று கையில் எடுத்ததும் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது.

சத்தம் புதுக் கார் மாதிரி. வீட்டில் டிராக்டர் எங்கே என்று கேட்கிறார்கள். பிக்கப் முன்பு எப்படி இருந்ததோ அப்படித்தான். ஐட்லிங்கில் மட்டும் எங்கோ தகரம் நடுங்குகிற மாதிரி கிர்ர் என்று ஒரு சத்தம் வருகிறது, ஆக்ஸிலரேட்டர் தொட்டால் நின்றுவிடுகிறது. இது என்னவாக இருக்கும்?

பட்டறைவாசி:

வெப்பத்தடுப்புத் தகடு. போல்ட் துருவேறித் தளர்ந்திருக்கும், புது டப்பாவை ஏற்றும்போது தட்டியிருப்பார்கள். ஆறியபின் கையால் ஆட்டிப் பாருங்கள், எந்த மூலை ஆடுகிறதோ அங்கே அகலமான வாஷர் ஒன்று வைத்து முறுக்குங்கள். தகட்டைக் கழற்றி எறிந்துவிட மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இரட்டைவாய்:

அந்த இரண்டாவது வாய் ஆசை இன்னும் மிச்சமிருந்தால் சொல்லுங்கள், என் இடது பக்கச் சைலன்சர் விலைக்கு இருக்கிறது. பட்டறைவாசி அண்ணா சொன்னது பலித்துவிடுமோ என்று நேற்று வலது பக்கத்தைத் திருப்புளியால் குத்திப் பார்த்தேன், உள்ளே போய்விட்டது.